செவலைக்குப் போன சதை

ஆங்கிலத்தில் உன்னை மிகவும் படுத்தி எடுத்த சொல் எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். கெயின். பள்ளிக்கூடத்தில் அதற்கு 'அடைதல், பெறுதல், கூடுதல்' என்று மூன்று பொருள் எழுதி மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் மார்க்கும் வந்தது. பிற்பாடு அதே சொல்லை நம்பி நான் ஒரு காரியத்தில் இறங்கியபோது, எனக்குக் கூட வேண்டியதெல்லாம் எங்கள் வீட்டு மாட்டுக்குக் கூடிவிட்டது. (சிரிப்பதென்றால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். என் சொந்தக்காரர்கள் பல வருடமாக அதைத்தான் செய்கிறார்கள்.)

நான் பிறவி ஒல்லி. காற்றடிக்கிற நாளில் எங்கள் அம்மா மாடியில் காயும் துணிகளையும் என்னையும் சேர்த்தேதான் உள்ளே கூப்பிடுவாள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. கம்பெனி பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்காவதாக ஒருவரை நுழைக்க வேண்டுமென்றால் எல்லோரும் என்னைத்தான் தேடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, எப்படியும் உட்கார இடம் கிடைத்துவிடும். ஆவணியில் புள்ளலூருக்குப் பெண் பார்க்கப் போகிற வரைக்கும் ஒல்லியாக இருப்பது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றியதில்லை.

பெண்ணின் பெயர் சுகந்தி. ஏனாத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். காபித் தட்டோடு வந்தவள் என்னைப் பார்த்ததும் தலையைக் குனியவில்லை, நேராகப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான்தான் குனிந்துகொண்டேன். அந்த ஒரு சிரிப்பிலேயே கல்யாணம், குழந்தை, அந்தக் குழந்தைக்கு மொட்டை போடுவது வரை எனக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் அவளுடைய தாய்மாமன் தனபால். சுகந்திக்கு அப்பா இல்லை. அவளுடைய சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அதற்குப் பிறகு அக்காவையும் அக்கா மகளையும் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர் இந்த மாமாதான். நல்ல ஆகிருதி. அவர் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்பதால் சீக்கிரமே பார்த்து முடித்தார். பிறகு எங்கள் நைனாவிடம் (எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அதுதான் பெயர்) மெதுவாகச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அக்கா வூட்டுக்காரரும் இப்பிடித்தான் ஒல்லியா இருந்தாரு. ஒடம்பு வாகு அப்பிடின்னு நெனச்சிக்கினு இருந்தோம். வியாதின்னு தெரியறதுக்குள்ள ஆளே பூட்டாரு. எங்க அக்கா பட்ட பாட்ட இந்தப் பொண்ணு படக்கூடாது."

அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. எங்கள் அம்மாவுக்கே கண் கலங்கிவிட்டது. கார்த்திகை மாதம் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகவும், அதற்குள் பையன் கொஞ்சம் உடம்பு தேறியிருந்தால் கை நனைத்துவிட்டுப் போவதாகவும் மாமா சொன்னார். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாமல் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் சாப்பிட மாட்டார்கள். இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தால் அத்தோடு சரி. ஆக, நான் சுகந்தியைக் கட்டுவேனா மாட்டேனா என்பது கார்த்திகைக்குள் என் எலும்பின் மேல் எவ்வளவு சதை ஏறுகிறது என்பதில் வந்து நின்றது.

மறுநாளே உத்திரமேரூர் கடைத்தெருவில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியிலிருந்த ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே விக்கி மாஸ்டர் என்று ஒருவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களில் கெயினுக்குத்தான் முதலிடம், அதை வைத்தே குடும்பம் நடத்தினார். சதை போட்டால் கெயின், தூங்கினால் கெயின், காலையில் நாஷ்டா துன்றது கெயின், ஜிம்முக்குப் புதிதாக ஆள் சேர்ந்தால் அது அவருடைய கெயின். என் கையை ஒரு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, சோறு குழம்பெல்லாம் இந்த உடம்புக்கு வேலைக்காகாது, பவுடர்தான் என்று தீர்ப்புச் சொன்னார். எடை கூட்டுகிற பவுடர், சாக்லேட் ருசியில். பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும். போகும்போது ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். என் விதியை எழுதிய வார்த்தை அது.

"டேஸ்டு இன்னா மாதிரி கீதுன்னு பாக்காத ப்ரோ. குடிக்க கஷ்டமா கீதுன்னா கெயின் ஆவுதுன்னு அர்த்தம்."

பவுடர் வந்தது. டப்பா ஒரு குடத்தளவு இருந்தது. அதன் மேல் சட்டையில்லாத ஒரு பயில்வான் படம், அவன் புஜம் என் இடுப்பை விடப் பெரியது. டப்பா வந்த நேரத்தில் நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்மாதான் வாங்கி வைத்தாள்.

இங்கே எங்கள் வீட்டு டப்பாக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் எந்த டப்பாவிலும் அதன் மேல் எழுதியிருக்கும் பொருள் இருந்ததே கிடையாது. பிஸ்கட் டின்னில் ஊசி நூல், ஊறுகாய் ஜாடியில் உளுத்தம்பருப்பு, ஐஸ்கிரீம் டப்பாவில் அரைத்த மாவு. குழந்தையாக இருந்தபோது அந்த பிஸ்கட் டின்னை எத்தனையோ தடவை ஆசையாகத் திறந்து ஏமாந்திருக்கிறேன். புதிதாக ஒரு டப்பா வீட்டுக்குள் வந்தால் அம்மாவின் கண் உள்ளே இருக்கும் பொருளைப் பார்க்காது, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றுதான் பார்க்கும். (உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும்.)

இந்தத் தடவை அம்மாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. புள்ளலூரிலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி தினமும் காலையில் எங்கள் வீட்டுக்குப் பால் வாங்க வருவாள். சமையலறை வாசலில் நின்று பாத்திரத்தை நீட்டும்போது அவள் பார்வை அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் திரும்பும். அந்தப் பயில்வான் அவள் கண்ணில் பட்டால் அன்று சாயங்காலத்துக்குள் புள்ளலூரில் 'பையனுக்கு என்னவோ வியாதியாம், டின் டின்னாக மருந்து சாப்பிடுகிறானாம்' என்று பேச்சு கிளம்பிவிடும்.

எனவே அம்மா ஒரு ராஜதந்திரம் செய்தாள். எங்கள் மாட்டுக்குத் தவிட்டில் கலந்து வைக்கும் தாது உப்பு ஒரு வெள்ளை பக்கெட்டில் இருந்தது. பக்கெட்டின் மேல் ஒரு பசுமாட்டுப் படம். அம்மா அந்த உப்பைப் பயில்வான் டப்பாவுக்கு மாற்றினாள். என் பவுடரை மாட்டு பக்கெட்டில் கொட்டி மூடினாள். பக்கெட்டைச் சமையலறையில் வைத்தாள், பயில்வானைக் கொண்டுபோய்த் தொழுவத்து வாசலில் வைத்தாள். இப்போது பால் வாங்க வருகிறவளுக்கு மாட்டுப் படம்தான் தெரியும். அம்மா உடனே எனக்குப் போன் செய்து முழுவதையும் விளக்கியிருக்கிறாள். நான் அப்போது கம்பெனி பஸ்ஸில் நாலாவது ஆளாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். இரைச்சலில் ஒன்றுமே கேட்கவில்லை. அம்மா பேசி முடித்ததும் வழக்கம்போல "சரிம்மா" என்றேன்.

அன்று சாயங்காலம் தொழுவத்துக்குப் போன நைனா, மகனுடைய டப்பா மாடு மிதிக்கிற இடத்தில் கிடப்பதைப் பார்த்தார். ஐயோ பாவம், பிள்ளை ஆசையாக வாங்கியது என்று தூக்கிக்கொண்டு வந்து என் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்தார். வருகிற வழியில் சமையலறையில் மாட்டு பக்கெட் இருப்பதைப் பார்த்து அதைத் தொழுவத்தில் கொண்டுபோய் வைத்தார். எங்கள் நைனா வீட்டு வேலையில் தானாகக் கை கொடுத்த நாட்கள் மிகவும் குறைவு, அதில் அதுவும் ஒன்று. சமையலறையில் பக்கெட்டைக் காணாத அம்மா, நான்தான் என் அறைக்கு எடுத்துப் போய்விட்டேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

இப்படியாக ஒருவருக்கொருவர் உதவி செய்துகொண்டு மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

மறுநாள் காலையில் பயில்வானின் மூடியைத் திறந்தேன். சாக்லேட் என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே இருந்தது சாம்பல் நிறத்தில் இருந்தது. வெளிநாட்டுச் சாக்லேட் இப்படித்தான் இருக்கும் போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பாலில் போட்டுக் கலக்கினேன். கலங்கியது, ஆனால் கரையவில்லை. குடித்தேன். சுண்ணாம்பும் கருவாட்டுத் தூளும் உப்பும் சேர்ந்த ஒரு ருசி. கடைசி வாயில் நறநறவென்று மணல் மாதிரி கடிபட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே துப்பியிருப்பார்கள். எனக்கோ விக்கி மாஸ்டரின் வாக்கு ஞாபகம் வந்தது. இவ்வளவு கஷ்டமாக இருக்கிறதென்றால் எவ்வளவு கெயின் ஆகும் என்று கணக்குப் போட்டு, நாளையிலிருந்து இன்னும் ஒரு கரண்டி கூடப் போடுவது என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு என் வயிற்றுக்குள் நடந்ததை விவரமாக எழுத முடியாது, இது குடும்பத்தோடு படிக்கிற சமாச்சாரம். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என் வயிறு போடும் சத்தத்தைக் கேட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் ஜன்னலைப் பார்ப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. இருந்த கொஞ்ச சதையும் ஜிம்மில் கரைந்தது. எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறினால் முள் போன தடவையை விடக் கீழேயே நின்றது. விக்கி மாஸ்டர் என்னைக் கை விடவில்லை, மெஷினைத்தான் திட்டினார்.

இது ஒரு பக்கம் நடக்க, எங்கள் செவலைக்கு நல்ல காலம் பிறந்தது. செவலை என்பது எங்கள் பசுமாடு. சிவப்பாக இருப்பதால் அந்தப் பெயர், மற்றபடி குணத்திலும் சிவப்புதான். நைனாவைத் தவிர யார் தொழுவத்துக்குள் போனாலும் முட்ட வரும். அதனால்தான் அம்மா டப்பாவை வாசலோடு வைத்துவிட்டு வந்தாள். நைனா தினமும் அந்தப் பக்கெட்டிலிருந்து அள்ளித் தவிட்டில் கலந்து வைத்தார். பழுப்பு நிறத்தில் இருந்ததை, கம்பெனிக்காரன் புதுச் சரக்கு விட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். கொரோனா வந்து போனதிலிருந்து அவருக்கு வாசனை தெரியாது. தெரிந்திருந்தால் எங்கள் தொழுவம் பேக்கரி மாதிரி மணந்தது அவருக்குப் புரிந்திருக்கும்.

செவலை தொட்டியை நக்கி நக்கித் துடைத்தது. தோல் மினுமினுத்தது, முதுகு அகலமாகிக்கொண்டே போனது, பால் கூடியது. சொசைட்டியில் பாலை அளக்கிறவர் மெஷினை ஒரு தடவை துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாராம். நைனா எங்கே போனாலும் செவலை பேச்சுதான். (பின்னாளில் மாட்டு டாக்டரிடம் கேட்டபோது, அது மழைக்குப் பிறகு வந்த பசும்புல்லால்தான் இருக்கும் என்றார். எங்கள் வீட்டில் இன்று வரை யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.)

இந்த நாட்களில் சுகந்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் அம்மாதான் ஒரு நாள் நம்பரைக் கொடுத்து, பார்த்துப் பேசுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பவுடர் விஷயத்தை நான் மூச்சு விடவில்லை. ஒரு நாள் நான் விக்கி மாஸ்டர் பாணியில் ஏதோ கெயின் என்று சொல்லப்போக, அவள் பாடமே எடுத்துவிட்டாள். அறிவு சேர்ந்தாலும் கெயின், லாபம் வந்தாலும் கெயின், முன்னால் ஓடுகிறவனைப் பின்னால் வருகிறவன் நெருங்கினால் அதுவும் கெயின், சுவர்க் கடிகாரம் நேரத்தை மீறி வேகமாக ஓடினால் அதையும் கெயின் என்றுதான் சொல்வார்களாம். எங்கள் வீட்டுக் கடிகாரம் கூட அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் கடிகாரம் கெயின், மாடு கெயின். நான் மட்டும்தான் பாக்கி.

கார்த்திகை வந்தது. அடை மழைக்கு நடுவில் வெயில் எட்டிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை புள்ளலூரிலிருந்து வேன் வந்து நின்றது. மாமா, மாமி, சுகந்தியின் அம்மா, இன்னும் சில பெரியவர்கள். பெண் வருகிற வழக்கமில்லை. பின்கட்டில் அம்மா வடை பாயசத்தோடு சமைத்து, வாழையிலைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் என்ன தயாரிப்பு செய்திருந்தேன் என்றால், சட்டைக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று பனியன் போட்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தபோது தோள் கொஞ்சம் அகலமாகத்தான் தெரிந்தது. முகத்துக்குப் பனியன் போட முடியாதே என்பது மட்டும்தான் குறை.

மாமா என்னைப் பார்த்தார். முகம் சுருங்கியது. ஆவணியில் பார்த்ததை விட நான் பாதியாகப் போயிருந்தேன். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் எனக்கு வேர்த்து ஊற்றியது. சுகந்தியின் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையில் இருந்தது பயம். அதைப் பார்த்த பிறகு எனக்கு உட்காரவே முடியவில்லை. என்னால் ஒரு அம்மாவுக்குப் பழைய துக்கம் எல்லாம் திரும்பி வருகிறதே என்று இருந்தது.

பேச்சை மாற்ற நினைத்த நைனா, மாமாவைத் தொழுவத்துக்கு அழைத்துப் போனார். மாமாவும் மாடு வைத்திருப்பவர். செவலையைப் பார்த்ததும் அன்று முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது. நைனா கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, திமிலிலிருந்து வால் வரை தடவிப் பார்த்துவிட்டு, இன்னா போட்றீங்க என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த நைனா பக்கெட்டைத் திறந்து நீட்டினார். மாமா மூக்கைக் கிட்டே கொண்டு போனார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். அப்படியே நின்றார். இன்னொரு சிட்டிகை எடுத்து வைத்துக்கொண்டார்.

"இன்னாங்க இது, சாக்லேட்டு மாதிரி கீது?"

பின்னாலேயே வந்த மாமியும் ருசி பார்த்து, ஆமாம் என்றார்கள். விஷயம் பின்கட்டுக்குப் போய், கையில் கரண்டியோடு அம்மா ஓடி வந்தாள். பக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செவலையைப் பார்த்தாள். கரண்டி கீழே விழுந்தது.

"இது எப்பிடிடா இங்க வந்துச்சி? அப்ப நீ இத்தினி நாளா எதத்தான்டா குடிச்சிக்கினு இருந்த?"

நைனா ஒன்றும் புரியாமல், மகனுடையதை நான்தான் பத்திரமாக எடுத்து வைத்தேனே என்று என் கட்டிலுக்கு அடியிலிருந்து பயில்வானைத் தூக்கி வந்தார். மாமா மூடியைத் திறந்தார். இதை ருசி பார்க்க அவருக்கு அவசியம் இருக்கவில்லை. அவர் வீட்டுத் தொழுவத்திலும் அதே சாம்பல் நிறத் தூள்தான். அதன் பிறகு அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சம்பந்தம் கை நழுவிப் போய்விடக் கூடாதே என்று பவுடர் வாங்கியது, பால் வாங்க வருகிறவளுக்குப் பயந்து ஒளித்தது, போனில் சொன்னது எல்லாமே வந்தது. அப்பாவும் மகனும் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.

மாமா நேராக வாசலுக்குப் போனார். வேன் பக்கத்தில் நின்று போனை எடுத்தார். அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு வாய்க்கு நேராகப் பிடித்துத்தான் பேசுவார். அதனால் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. சுகந்திக்குத்தான் பேசினார். நடந்ததைச் சொல்லிவிட்டு, பையன் முன்னை விடவும் இளைத்துப்போய்விட்டான், உடம்பைப் பற்றி மறைத்திருக்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பட்டுமா என்று கேட்டார். கவிழ்த்து வைத்த இலைகள் என் கண் முன்னால் வந்தன. பால் வாங்க வருகிறவள் தன் வீட்டு வாசலுக்கே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதை மறைக்க அம்மா இவ்வளவு பாடு பட்டாளோ அதைப் புள்ளலூர்க்காரரே ஸ்பீக்கரில் போட்டு அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போனில் சுகந்தி கேட்டாள்.

"மாமா, அந்த உப்பு ருசி எப்படி இருக்கும்?"

"அத்த மனுசன் வாயில வெக்க முடியாதும்மா. மாட்டுக்கே தவிட்டுல கலந்துதான் குடுப்போம்."

"அத இவ்ளோ நாளா அவர் தெனமும் குடிச்சாரா?"

"குடிச்சிக்கீறான்."

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. (ரெண்டும்தான் என்று பிற்பாடு சொன்னாள்.)

"மாமா, எங்கப்பா ஒல்லியா இருந்ததால போகல. உடம்புக்கு முடியலன்னு யார்கிட்டயும் வாயத் திறந்து சொல்லாம இருந்தார், அதனாலதான் போனார். இவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்க. ஒண்ணும் இல்லன்னா எனக்கு இவர்தான். மாட்டு உப்பயே மூஞ்சி சுளிக்காம குடிச்சவரு, நான் சமைக்கிறத சாப்பிட்டுடுவாரு. நீங்க இலைல உக்காருங்க."

அதோடு விடவில்லை. அவர் பக்கத்தில் இருந்தால் போனைக் கொடுங்கள் என்றாள். மாமா போனை என் பக்கம் நீட்டினார். இனிமேல் உடம்புக்கு என்ன என்றாலும், எதைச் சாப்பிட்டாலும், ருசி சரியில்லை என்றால் கூட முதலில் என்னிடம் சொல்ல வேண்டும் என்றாள். தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க, நான் "சரிங்க" என்றேன். என் வாழ்நாளில் காதில் சரியாக விழுந்து நான் சொன்ன முதல் சரி அதுதான்.

மாமா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். தோளில் கை வைத்தார். அவர் விரல்கள் துணியைப் பிடித்து ஒவ்வொரு மடிப்பாக எண்ணிப் பார்த்தன.

"மொதல்ல உள்ள போயி அந்தப் பனியன் கடைய கழட்டிட்டு வா மாப்ள. வேர்த்துக் கொட்டுது பாரு."

பையனாக இருந்த நான் மாப்ள ஆனது அந்த நிமிஷத்தில்தான். பனியனைக் கழற்றுகிற சாக்கில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது மாமா இலை முன்னால் உட்கார்ந்து, முதல் ஆளாகச் சோற்றில் கை வைத்திருந்தார். சுகந்தியின் அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் இலையில் வடைகளை எடுத்து எடுத்து வைத்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிமாறினாள். மறுநாள் மாமாவே வந்து என்னை உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ரத்தம், எக்ஸ்ரே படம், எல்லாம் எடுத்தார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். மாட்டு உப்புக் கதையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார், என் தலை மறையும் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இப்போது எனக்குத் தொப்பை விழுந்திருக்கிறது. சுகந்தியின் சமையலைப் பற்றி அவளே சொன்னது வீண் பயம். அதே அரசு ஆஸ்பத்திரியில் எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். வீட்டில் எல்லா டப்பாவிலும் உள்ளே இருப்பது என்னவென்று சுகந்தி தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறாள். அம்மா அந்தச் சீட்டுகளை மதித்துக் கிழிக்காமல் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிவிடுகிறாள். செவலையின் பெயரும் மாறிவிட்டது. சொசைட்டி வரை அதற்கு இன்று கெயின் என்றுதான் பெயர். நான் எதைப் புதிதாக வாங்கி வந்தாலும், மொதல்ல கெயினுக்குக் குடுத்துப் பாருடா என்கிறார் நைனா.

அன்று கை நனைத்துவிட்டு எழுந்தபோது தனபால் மாமா சீர் செனத்தி என்று எதுவும் பேசவில்லை. எங்க மாப்ளைக்குச் சேர வேண்டிய சத்தெல்லாம் இந்த மாட்டுக்குள்ள கீது, அதனால் அடுத்துக் கிடேரிக் கன்று போட்டால் எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டார். செவலை கிடேரியே போட்டது. அது புள்ளலூரில் வளர்ந்து இன்று பெரிய பசுவாக நிற்கிறது. மாமா அதற்கு வைத்திருக்கும் பெயர் மாப்ள.

மாட்டுப் பொங்கலுக்கு நாங்கள் புள்ளலூர் போவோம். மாமா தொழுவத்துப் பக்கமிருந்து, "மாப்ள, சாப்டியா?" என்று குரல் கொடுப்பார். நான் திரும்புவேன், அதுவும் திரும்பும். மாமா கையிலிருக்கும் பொங்கல் உருண்டையை முதலில் அதற்குத்தான் கொடுப்பார். எங்கள் மகள் கை தட்டிச் சிரிப்பாள், மாமியாரும் சேர்ந்து சிரிப்பார்கள். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோயிருந்த அந்த அம்மா சிரிப்பதைப் பார்க்கும்போது, அந்த மாட்டு உப்பில் இன்னும் ஒரு டப்பா குடித்திருந்தாலும் தகும் என்று எனக்குத் தோன்றும். இதை வாய் விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் மாமா தொழுவத்திலிருந்து எடுத்து வந்துவிடுவார்.